கீழுதடு

பல்வலி என்றுதான் வந்தார் எவாரிஸ்தோ ஓயார்சோ.
விளக்கைத் திருப்பினேன்,
கண் உதட்டிலேயே நின்றுவிட்டது.

இடதோரம் ஒரு வெள்ளைப் பொருக்கு.
"காற்று, டாக்டர். இந்தத் தீவில் யாருக்கு வெடிக்கவில்லை?"
ஆட்டுக்கொழுப்பு தடவுகிறாராம். எத்தனை நாளாய்?
போன வருடம் ரோமம் கத்தரித்ததிலிருந்து.
இந்த வருடத்துக் கத்தரிப்பும் முடிந்துவிட்டது.

சிகரெட் தொங்கும் மூலையும் அதுவே.
விளிம்பில்லாத தொப்பி.
முப்பது ஆண்டு மேலிருந்து வெயில்,
கீழிருந்து பனி திருப்பியனுப்பிய வெயில்.

நீரிணை கடந்து பூந்தா அரேனாஸில் வெட்டினார்கள்,
கட்டைவிரல் நகமளவு.
சின்னதிலேயே பிடித்தோம் என்றார்கள்.

சின்னதுதான்.
ஆனால் அவர் நாயை நடத்துவது சீழ்க்கையால்.
தையல் பிரித்த வாரம் ஊதினார்:
வெறும் காற்று.
மேட்டில் நின்ற நாய் தலையைச் சாய்த்ததாம்
யாரோ எவரோ என்பதுபோல.

மூன்று மாதத்துக்கொருமுறை வருகிறார்,
அகல விளிம்புத் தொப்பி, பையில் உதட்டுப்பசை.
சிகரெட்?
ஜன்னலைப் பார்க்கிறார்.
தாடைக்கடியில் விரல்விட்டுக் கட்டி தேடுகிறேன்.
"ஆட்டுக்கு நானும் இப்படித்தான்" என்கிறார்,
பிறகு மூச்சே விடுவதில்லை
நான் சொல்லும்வரை.

இல்லை என்கிறேன்.
வாசலில் நின்று, வண்டியிலிருக்கும் நாயைப் பார்த்து
கோணலாய், அரைச்சுரம் இறங்கிய ஒரு சீழ்க்கை.
ஒரு காது மட்டும் நிமிர்கிறது.