எத்தனை ஓம்

ஒஷாவாவில் லோர்ன் என்ற மனிதர்
காசை எண்ணாமல் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்:
"பெயருக்குத்தான் நாலு ஓம்.
எண்பது ஹெர்ட்ஸில் இரண்டுக்கு இறங்கிவிடும்.
பார்த்துக் கொடு."
எதைக் கொடுப்பதென்று நான் கேட்கவில்லை.
ஒவ்வொன்றும் நாற்பத்தாறு கிலோ.
வானின் பின்கதவு மூட மறுத்தது.
கயிறு கட்டி, 401இன் வலது ஓரமாய்
ஏஜக்ஸ் வரை ஊர்ந்து வந்தோம்.

நிலவறையில் திரைக்கு இரு பக்கமும்
முகத்துணி கழற்றி நிறுத்தினேன்.
வீட்டில் இருந்த ரிசீவர்
ஒன்பது சானலுக்கும் நூறு வாட் என்று
பெட்டியில் கொட்டை எழுத்தில் சொன்னது.
'இரண்டு மட்டும் இயங்கும்போது' என்பதை
அடியில் எறும்பெழுத்தில்.

படத்தில் ஒரு கப்பல் துறைமுகச் சுவரில் மோதியது.
மோதியதை நாங்கள் கேட்கவில்லை.
டிக்.
சிவப்பு விளக்கு.
திரையில் ஆட்கள் வாயை மட்டும் அசைத்து ஓடினார்கள்.
வீட்டுச் சூடாக்கியின் உறுமல் மிச்சம்.
"செத்துப் போச்சோ?" என்றாள் சுகிர்தா.
சாகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொண்டது,
தாங்காத கேள்வி வருமுன்
எழுந்து வெளியே போய்விடுகிறவர்களைப் போல.

எங்கள் பேச்சில் ஓம் என்றால் சம்மதம்.
மின்சாரத்தில் ஓம் என்றால் தடை.
எட்டு ஓம், எட்டுத் தரம் 'பொறு' என்கிறது.
இரண்டு ஓம், கதவைத் திறந்து போட்ட வீடு:
எவ்வளவு வந்தாலும் உள்ளே எடுக்கும்,
பிறகு வாசலுக்கு வந்து
இன்னும் இல்லையா என்று எட்டிப் பார்க்கும்.

மார்க்கம் கடைப் பையன் வாட், வாட் என்றான்.
"இரண்டு ஓமில் எவ்வளவு?"
கைபேசியை மேலும் கீழும் தேய்த்துவிட்டு
"குறிப்பு இல்லை, அங்கிள்" என்றான்.
குறிப்பு இல்லாததும் ஒரு பதில்தான்.

இரவுகளில் அட்டவணை போட்டேன்.
எட்டில் இருநூறு, நாலில் நானூறு,
இரண்டுக்கு நேரே பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு.
கோடு போட்டவர்களைக் கழிக்க மூன்று மிஞ்சியது.
ஒன்றின் விலைக்குக் கூரை மாற்றலாம்
(கூரை இந்த வருஷம் மாற்ற வேண்டும்,
அதைச் சொன்னது நானல்ல).
இன்னொன்று டி வகுப்பு, மூன்றே கிலோ.
நல்லது என்கிறார்கள், அளவுகளும் அப்படித்தான்.
என் கை நம்பவில்லை. கை பழைய ஆள்.
மூன்றாவது பிக்கரிங்கில்,
விவாகரத்தான ஒரு பல்வைத்தியரிடம்.

தயாபரனும் நானும் அதைப்
படிக்குப் படி இருத்தி, எழுப்பி, இருத்தி
கீழே கொண்டுபோனோம்.
"உள்ளுக்க என்ன மச்சான், சீமெந்தோ?"
"செம்பு."
"வித்தா என்ன வரும்?"

சுவிட்சைப் போட்டதும்
மேலே குசினி விளக்கு கண் சிமிட்டியது.
மூன்றாம் நாள் பிரேக்கரே விழுந்தது.
அதற்கென்று தனி வயர் இழுக்க
ஒரு சனிக்கிழமையும் நானூற்றி இருபது டாலரும்.
அட்டவணையில் இதை நான் சேர்த்திருக்கவில்லை.
சுகிர்தா சேர்த்தாள்.

பிறகு, அதே கப்பல்.
மோதியது, சுவர் நின்றது, விளக்கு பச்சை.
ஆனால் மோதுமுன் ஒன்று இருந்தது, இதுவரை கேளாதது:
ஈரக் கயிறு தூணில் இறுகும் ஓசை.
அதைப் பிடித்திருந்தவன்
மூச்சை உள்ளே இழுக்கிறான், வெளியே விடவில்லை.
பின்னே ஓட்டினேன். ஒலியைக் குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன். கயிறு அப்படியே இருந்தது.

உடுப்புக் கூடையோடு இறங்கியவள் நின்றாள்.
"இவ்வளவு காசையும் கொட்டிப்போட்டு
மெதுவாத்தானோ கேக்கிறியள்?"
"ஓம்."

கூடையைக் கீழே வைத்தாள்.
அடுத்த அறையில் உலர்த்தி சுற்றிக்கொண்டிருந்தது.
"அந்தக் கதவைச் சாத்திப்போட்டு
கயிறை இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள்.