கீழ் இடது ஆறு

செவ்வாய்க்கிழமை, ஒன்பதரை.
ஷெஃபீல்டில் மழை
பெய்வதா நிற்பதா என்று முடிவெடுக்காமல் இருக்கிறது.
ஆறு மாணவர்கள், ஒரு மேசை,
யாரோ மறந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் தாடை.

முதல் தாளைக் கொடுக்கிறேன்.
ஆண். ஐம்பத்தெட்டு. தபால்காரர்.
கீழ்வரிசையில் இடப்பக்கம் இரண்டு வாரமாய் வலி.
ஆறாம் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு,
அதன் ஓரத்தில் தலைமுடிபோல் ஒரு கோடு.

"விரிசல்" என்கிறான் ரூபர்ட்.
அவன் பேனா அதற்குள் கிரௌன் போட்டு முடித்துவிட்டது.
"இல்ல, ரூட் கனால்" என்கிறாள் நுஸ்ரத்.
பெத்தன் யாரையும் பகைக்காமல்
இரண்டையும் எழுதிக்கொள்கிறாள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.
சொல்லாமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டாம் தாள்.
ஐஸ் வைத்தால் சுரீர் என்கிறது, உடனே அடங்குகிறது,
பக்கத்துப் பல்லைப் போலவே.
தட்டினால் வலியில்லை. கடித்தால் வலியில்லை.
எக்ஸ்ரேயில் வேர்நுனி சுத்தம்.
ரூபர்ட் தாளைத் திருப்பிப் பார்க்கிறான்,
பின்பக்கம் விடை இருக்குமோ என்று.

இந்தத் தாள்களை எழுதியது நான்.
ஒரு மனிதரைக் கேஸாக்க
முதலில் பெயரை எடுக்க வேண்டும்.
அப்புறம் அவர் நாயின் பெயரை.
நனைந்த சாக்ஸின் வாடையை.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாய் திறந்ததை.
"பிடுங்கிடுங்க டாக்டர், நாளைக்கு ஷிப்ட் இருக்கு" என்றதை.
எடுத்து எடுத்து
ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கிவிட்டார்.

நாலு வாரமாய் வாயே திறக்காத மொரெனிகே கேட்கிறாள்:
"அவர் எந்தத் தெருவுல தபால் போடுறார்?"

சிரிக்கிறார்கள்.
அவள் சிரிக்கவில்லை.
"இல்ல, மேடா, சமதரையா?
வலி எப்போ வருதுன்னு தாள்ல இல்லையே."

பார்க்கிறேன். இல்லை.
மூன்றாம் தாளில் இருப்பது
ரத்த அழுத்த மாத்திரையின் பெயர் மட்டும்.
எழுதும்போது எடுத்துவிட்டேனா,
அன்றைக்குக் கேட்கவேயில்லையா?

கேட்கவில்லை.
பதினோரு வருஷத்துக்கு முந்தைய குறிப்பு,
என் கையெழுத்து, தெளிவாகத்தான் இருக்கிறது:
கீழ் இடது ஆறு எடுக்கப்பட்டது. நோயாளிக்குத் திருப்தி.
ஐந்தாம் நாள் வலி திரும்பி வந்தது,
பல் இல்லாத அதே இடத்துக்கு.
இந்த முறை கூடவே இடது கையும்.
பிழைத்தார்.
டிசம்பரில் வாழ்த்து அட்டைகூட அனுப்பினார்.
அதுதான் தாங்கவில்லை.

"மேடு" என்கிறேன். "வாக்லி பக்கம்.
ஏறும்போது வரும். யார் வீட்டுக் கேட்டையாவது பிடித்து
ரெண்டு நிமிஷம் நின்றால் போய்விடும்."

ஹீட்டர் டொக்கென்று ஒரு சத்தம் போடுகிறது.
ரூபர்ட் கிரௌனை அடிக்கிறான்,
கோணல் கோடு, தாள் கிழிகிற அளவுக்கு.
"அப்போ இன்னைக்குப் பல்லுல கைவைக்கவே கூடாது."
"சரி, யாருக்குப் போன் பண்றது?"
"அவர்கிட்ட என்னன்னு சொல்றது?
பல்வலின்னு வந்தவர்கிட்ட?"
மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்.
மொரெனிகே மறுபடி வாய்மூடி,
பிளாஸ்டிக் தாடையை மூடி மூடித் திறக்கிறாள்.

பதினொன்றுக்கு அடுத்த ஆறு பேர்.
அந்த ஒரு வரியைத் தாளில் சேர்த்துவிடலாம்;
பென்சில்கூட எடுத்தேன்.
வேண்டாம்.
அங்கே ஒரு பல் போன இடம் இருக்கட்டும்.
நாக்கு
தானாகவே தேடிப் போகிறதா பார்ப்போம்.