துவான்

இரவு இரண்டே முக்காலுக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்து
என்னை இறக்கிவிடும்.
மின்தூக்கி பாதி நாள் ஓடாது.
ஒன்பது மாடி ஏறிக் கதவைத் திறந்தால்
இருட்டில் ஒரு சக்கரம்
கிரீச் கிரீச்சென்று
எனக்கு முன்பே வேலைக்கு வந்திருக்கும்.
கீழ்வீட்டு மேடம் கோ
வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறதா
என்று கேட்டாள் ஒருமுறை.
இருக்கிறது என்றேன்.

உன்னை நாங்கள் வாங்கவில்லை.
நாலாம் மாடி மாணவர்கள்
பரீட்சை முடிந்து ஊருக்குப் போன அன்று
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கூண்டு.
மேலே ஓர் அட்டை:
வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்.
கீழே அதே கையெழுத்தில்
மின்விசிறிக்கும் அதே வரி.
மின்விசிறியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.
உனக்கு ஒரு கண் பீளை கட்டி மூடியிருந்தது.
மற்றதால் என்னைப் பார்த்தாய்,
வட்டி கேட்டு வந்தவளைப் பார்ப்பது போல.

புலாவ் தீக்குஸ்.
பெயரே எலித்தீவு,
அங்கேதான் உனக்கு டாக்டர்.
"எலிக்கா எண்பது வெள்ளி?" என்றார் புவனேந்திரன்.
அதே வாரம் சமையலறையில்
எலிப்பசை அட்டை வைத்தவரும் அவர்தான்.
ஒரே வீட்டில்
நீள வால் இருந்தால் பசை,
வால் என்று சொல்ல ஏதுமில்லாவிட்டால்
சூரியகாந்தி விதை.
யாராவது நியாயம் கேட்டிருந்தால்
என்னிடம் பதில் இல்லை.

பகலெல்லாம் தூக்கம்,
பொழுது சாய்ந்தால் சாப்பாடு,
கிட்டே போனால் கடி.
எங்கள் ஆபிஸ் துவான்களும் இப்படித்தான்
என்று அவரே பெயர் வைத்தார்.
மறுமுறை டாக்டர் உன்னைப் புரட்டிப் பார்த்து
பெண் என்றார்.
பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு வருடம், நாலு மாதம்.
உங்கள் கணக்கில் அது முதுமையாம்.

அன்று சக்கரத்துக்குக் கீழே
பக்கவாட்டில் கிடந்தாய்.
கன்னம் ஒரு புறம் உப்பியிருந்தது.
கட்டி என்று நினைத்து
விரலால் மெல்ல அழுத்தினேன்.
விதை.
உரிக்காத ஒரே விதை.
நாளைக்கென்று வைத்திருந்தாய்.

விடுப்புப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு.
வேறு கட்டத்தில்
காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் மாடிக்கு ஏது மண்.
பூப்பந்துத் திடலுக்குப் பின்னால்
அங்சானா மரத்தடியில்
குழம்புக் கரண்டியால் தோண்டினார்.
காவலர் ஓடி வந்து விளக்கடித்தார்.
நேப்பாளத்துப் பையன், புதிது.
துவான் போய்விட்டார் என்றேன் மலாயில்,
வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல்.
சட்டென்று தொப்பியைக் கழற்றினான்.
பிறகுதான் தேயிலைப் பெட்டியைப் பார்த்தான்,
அதன் அளவைப் பார்த்தான்.
தொப்பியைத் திரும்பப் போடவில்லை.
மூடி முடிக்கும்வரை
விளக்கைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

விதையும் உன்னோடுதான்.
முளைக்கும் பாருங்கள் என்றாள் மேடம் கோ.
வறுத்த விதை, எப்படி முளைக்கும்?
ஆனாலும் வேலைக்குப் போகையில்
அந்தப் பக்கமாகத்தான் போகிறேன்.

தீபாவளிக்கு வீடு கழுவ
சோபாவை நகர்த்தினோம்.
சுவரோரம் சின்னதாக ஒரு குவியல்.
போன வருடம் மூன்று நாள்
காணாமல் போனாயே, அப்போது சேர்த்தது:
விதைகள், பாதி கச்சாங், ஒரு முறுக்குத் துண்டு,
அவருடைய நீலச் சட்டைப் பொத்தான்.
அதைத் தொலைத்ததற்கு
என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தார்.

குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.
துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிச்
சுவரில் சாய்த்தார்.
சோபாவை இருந்த இடத்துக்கே தள்ளினார்,
சத்தம் வராமல்.

அந்த நீலச் சட்டையை
இன்னும் பொத்தான் இல்லாமல்தான்
போட்டுக்கொண்டு போகிறார்.