ஆயிரத்து இருபத்தைந்து

மாடி போர்ஷன் ரெக்சன் பர்னாந்து
போபாலுக்கு மாற்றலாகிப் போனபோது
இரண்டு மாத வாடகைக்கு ஈடாக
விட்டுப் போனது இது:
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி,
பொத்தல் பொத்தலாய் நாலு பாறை,
காற்றுக் குழாய், மிதவை மானி,
ஒரு வாளி உப்பு.
மீன்கள் மூன்று. மூன்றும்
அமாவாசைக்குள் போய்விட்டன.

நண்டு கணக்கில் இல்லை.
பாறைப் பொந்தில் ஒளிந்து
டிக்கெட் எடுக்காமல் வந்தது.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் டார்ச் அடித்தால்
குண்டூசித் தலைபோல இரண்டு கண்.

என் தொழில் தண்ணீர்.
தர்மபுரியில், பென்னாகரம் ரோட்டில், கேன் கம்பெனி.
ஆயிரத்து இருநூறு அடி போரில் ஏறிவருவதைச்
சவ்வுக்குள் நசுக்கி
உப்பைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு
மிச்சத்தை முப்பது ரூபாய்க்கு விற்கிறேன்.
பேர் தீர்த்தகிரி. சிரிக்கலாம்,
நான்தான் சிரிக்க மாட்டேன்;
பல்லில் காவிக் கோடு.
பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில்
ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.

பகலெல்லாம் உப்பை எடுத்த கை
ராத்திரி உப்பைப் போடுகிறது.
இரண்டு கேனுக்கு ஒரு கிலோ நானூறு.
மானி ஆடி ஆடி
ஆயிரத்து இருபத்தைந்தில் நின்றால் கடல்,
நிற்காவிட்டால் குழம்பு
என்று எழுதி ஒட்டியிருந்தான் பர்னாந்து.

லோடுமேன் மாதையன் சொன்னான்:
"வயல் நண்டுன்னா சளிக்கு ரசமாவது வைக்கலாம்.
இது எதுக்குண்ணே?"
மாதையனுக்கு முப்பத்தெட்டு வயசு.
பின்னாலிருந்து கூப்பிட்டால்
கழுத்து திரும்பாது,
ஆள் மொத்தமாகத் திரும்புவான்,
தோளில் கேனோடு.
அவன் ஊர்த் தண்ணீர் அப்படி.

கோடையில் தினமும் ஒரு விரல் குறையும்.
போவது தண்ணீர்தான், உப்பு போவதில்லை,
நல்ல தண்ணீர் மட்டும் ஊற்று;
அதுவும் சீட்டில் இருந்தது, நான் படிக்கவில்லை.
உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றிச்
சித்திரையில் மானி முப்பத்தொன்று தாண்டியது.
பொற்கொடி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
கண்ணீர் மாதிரி என்பாள் என்று நினைத்தேன்.
"ஊறுகாய்ப் பானை" என்றாள்.

வைகாசிக் காற்றில் போஸ்ட் சாய்ந்து
ஒரு ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை.
குழாயில் குமிழி நின்றது.
டம்ளரால் மொண்டு
உயரத் தூக்கி ஊற்றி
டீ ஆற்றுவதுபோலக் கடலை ஆற்றினோம்,
அவள் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம்.
எங்கள் இரண்டு பேருக்கும் கடல் என்றால்
கல்யாணமான புதிதில் மெரினா;
மணலில் அவள் கொலுசு ஒன்று விழுந்து
தேடியதிலேயே பொழுது போய்விட்டது.

மூன்றாம் நாள் காலை
நண்டு மல்லாந்து கிடந்தது, வெளிறி.
எடுத்தேன். கனமே இல்லை.
போபாலுக்குப் போன் போட்டேன்.
"அண்ணாச்சி, முதுகுப் பக்கம் திறந்திருக்கா?"
திறந்திருந்தது, டிபன்பாக்ஸ் மூடிபோல.
"சட்டையக் கழட்டிட்டு உள்ள உக்காந்திருக்கான்.
தோல் முத்துற வரைக்கும் வரமாட்டான்.
அந்தக் கூட்டை உள்ளயே போடுங்க, திம்பான்."

கண்ணுக்கு மேலிருந்த தோல்கூட இருந்தது,
வாயோரத்து மயிர்கூட.
மாதையன் கேனை இறக்கிவைத்து
கூட்டை உள்ளங்கையில் வாங்கினான்.
குனிய முடியாதவன்,
கையைத்தான் கண்ணுக்கு உயர்த்தினான்.
"எத்தனை நாள்ல கழட்டுச்சு?"
ஒரு ராத்திரி என்றேன்.
காலி கேன்களை எண்ணாமலே
வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒன்பதாம் ராத்திரி
பொந்திலிருந்து ஒரு கொடுக்கு, அப்புறம் ஒன்று.
வந்தது. கொஞ்சம் பெரிசாய், நிறம் கூடி.
தன் பழைய காலை இழுத்துவந்து
நுனியிலிருந்து
அவசரமில்லாமல் தின்றது.

மாதையனுக்குச் சொல்லலாமென்று போனை எடுத்தேன்.
மணி பன்னிரண்டரை.
சொல்லி என்ன என்றும் இருந்தது.
மானியைப் பார்த்தேன், இருபத்தாறு.
ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் ஊற்றினேன்.