கன்னத்தால் பார்த்த தரை

சத்துவாச்சாரியில், முன்பு பீடிக் கிடங்காக இருந்த
எங்கள் அறக்கட்டளைக் கட்டடத்துக்குக்
கூரை மாற்றியாயிற்று, வயரிங் முடிந்தது.
மிச்சம் தரை.
பழைய சிமெண்டைக் கொத்தி எடுத்த அன்றைக்கும்
புகையிலை வாசம் எழுந்து
மூன்று பேருக்குத் தும்மல்.

நான் கணக்கெழுதுகிறவன்.
இடது காலில் காலிப்பர். என் வருகையை
எனக்கு முன்னால் போய் அதுதான் சொல்லும்:
டக், ஓர் இழுப்பு, டக்.
டீக்கடை முரளி அந்தச் சத்தத்துக்குச்
சர்க்கரை குறைத்து ஒன்று ஊற்றி வைப்பான்.

மே மாதம். வராந்தாவில் மாதிரிகளைப் பரப்பினார்
என்ஜினியர் ஜோதிராமன்.
முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ்,
சிவப்பு ஆக்ஸைடு பூசிய பலகை,
டயர் போல் மணக்கிற சாம்பல் நிற ரப்பர் விரிப்பு.
ஓரத்தில் கருப்பு கிரானைட்.
அது இனாம்.
வாலாஜா கடைக்காரர் இம்தியாஸ் பாய் தருவதாகச் சொன்னது;
வாசலில் அவர் அத்தாவின் பெயரைச் செதுக்கினால் போதும்.
அந்த இனாமுக்கு எதிரே
ஒரு பூஜ்யத்தை ஆசையாகப் போட்டுப் பார்த்திருந்தது
என் பேனா.

டைல்ஸில் ஊன்றுகோல் வழுக்க,
ஏகாம்பரம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
"நல்லா இருக்கு சார்,
விழும்போது நம்ம மூஞ்சிய நாமே பாத்துக்கலாம்."

மல்லேஸ்வரி மட்டும் நடக்கவில்லை.
பேரணாம்பட்டுக்காரி. எங்கள் செருப்புப் பட்டறையில்
உணர்ச்சி போன பாதங்களுக்கு
மெத்தென்ற ரப்பரை வெட்டுகிறவள்.
அவள் பாதங்களும் அப்படித்தான்.
போன கோடையில் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
வெயில் குடித்த கடப்பாக் கல்லில்
மாலையோடு அரைமணி நேரம் நின்றாள்,
சிரித்த முகமாக.
கொப்புளத்தை முதலில் பார்த்தது அவளில்லை.

"நீயும் நடந்து பாரேம்மா" என்றார் ஜோதிராமன்.
"என் காலக் கேட்டா
எல்லாத்துக்கும் சரின்னுதான் சார் சொல்லும்."

பிறகு உட்கார்ந்தாள்.
முழங்கையை ஊன்றி மெல்லச் சரிந்து
ஒவ்வொன்றின் மேலும் கன்னத்தை வைத்தாள்.
பன்னிரண்டு மணி. வராந்தா விளிம்பில்
நிழல் ஒரு முழம்கூட இல்லை.
கிரானைட்டில் வைத்த வேகத்தில் எடுத்தாள்.
சிவப்புப் பலகைக்குக் கண்ணை மூடி,
"இது மழைக்காலத்துக்கு" என்றாள்.
ரப்பரில் வெகுநேரம் இருந்தாள்.
தூங்கிவிட்டாளோ என்று பார்த்தோம்.
"இதுவும் சூடுதான் சார். ஆனா கடிக்கல.
ரோட்டுல லாரி போறதுகூட
மெதுவாத்தான் கேக்குது."

ஜோதிராமன் டேப்பைச் சுருட்டினார்.
யாரும் ஓட்டுக்கு விடவில்லை.

இம்தியாஸ் பாயிடம் சொல்லும் வேலை எனக்கு.
"அப்ப அத்தா பேர எங்க போடுவீங்க?"
ரப்பரில் எதைச் செதுக்க?
வைத்துவிட்டார் போனை. அதற்குப் பிறகு பேசவில்லை.
பள்ளத்தை அடைக்க மூன்று பேர்
இன்கிரிமெண்டைத் தள்ளிப்போட்டோம்.
அதில் நானும் ஒருவன், மனசில்லாமல்.

விரித்து ஒரு மாதமாகிறது.
இரண்டு பேர் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை.
விழாததை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
தெரியாமல் விட்டிருக்கிறேன்.
ஒரே குறை, நான் வருவது
இப்போது யாருக்கும் கேட்பதில்லை.
டீக்கு வாய்விட்டுக் கூப்பிட வேண்டியிருக்கிறது;
முரளி மறந்துபோய்ச் சர்க்கரையை அள்ளிப் போடுகிறான்.

நேற்று எல்லோரும் போனபின்
உருண்டோடிய பேனா மூடிக்காகக்
காலிப்பரின் முட்டிப் பூட்டைத் திறந்து இறங்கினேன்.
இறங்கியது இறங்கியாயிற்று என்று
கன்னத்தை வைத்தேன்.
டயர் வாசம்.
அதற்கும் அடியில், கொஞ்சமாக,
புகையிலை.