பதினெட்டாம் நாள்

கழற்றிய குழாயை
பிளேடால் நீளவாக்கில் கீறி
பேப்பரில் தட்டினாள் நர்ஸ் ஜெசிந்தா.
மணல் விழுந்தது.

விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன்.
பதினோரு வருசம் ரிக் வண்டியில் இருந்தவன்,
தேய்த்தே சொல்வேன்
எத்தனை அடியில் என்ன பாறையென்று.
இது எந்த ஊர்ப் பாறையும் இல்லை.
"மொதல்ல கையைக் கழுவுங்க."

திருச்செங்கோட்டு வண்டி, பீகார்வரை போனது.
ராடு சரிந்த மத்தியானத்திலிருந்து
மாருக்குக் கீழே எல்லாம் வேறு யாருடையதோ.
மூத்திரம் இறங்குவதைக்கூட
பையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

அடைத்தால் மட்டும் தலைக்குத் தெரியும்.
ராத்திரி ரெண்டு மணி, பை காலி,
முகம் வேர்த்துக் கொட்டும்
பொடனியில் சம்மட்டி விழும்.
மரத்த பாதி
மரக்காத பாதியை எழுப்பும் வழி அது.
அம்சவேணி குழாயில் மடிப்பைத் தேடுவாள்,
நீவுவாள், ஆம்புலன்சைக் கூப்பிடுவாள்.
பக்கத்துத் தறிகள் பாட்டுக்கு ஓடும்.

ஏதோ கிருமியாம்.
மூத்திரத்தைக் காரமாக்குமாம்.
மிளகாய்க் காரமில்லை, சவுக்காரத்துக் காரம்.
அதில் உப்பு படியுமாம்.

உரக்கடைக் காலண்டரின் முதுகில்
அம்சவேணி எழுதி வைத்திருந்தாள்:
தையில் இருபத்தினாலாம் நாள் அடைப்பு.
மாசியில் இருபத்திரெண்டு.
பங்குனியில் இருபத்திமூணு, ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் இல்லை.
ஜெசிந்தா விரல் வைத்துப் படித்தாள்.
"டப்பாவுல எத்தனை வாரம் போட்டிருந்தாலும்
உங்க கணக்கு இதுதானுங்க.
பதினெட்டுல மாத்திரலாம்,
அடைக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம்."

வெள்ளக்கோயில் பக்கம் அப்பனின் முருங்கைக்காட்டில்
உப்பேறிய சொட்டுநீர்க் குழாய்களை
ஊசியால் குத்திக் குத்தி வளர்ந்தவள் என் பெண்டாட்டி.
"இதையும் குத்தலாமுங்களா?"
கூடவே கூடாதாம்.
பை இடுப்புக்குக் கீழேயே தொங்கணும்,
தரையில் படக்கூடாது,
ரொம்பும் முன்னே காலி பண்ணணும்.

தொள்ளாயிரம் அடி துளைத்து
ஊருக்கெல்லாம் தண்ணி காட்டியவனுக்கு
இப்போது மணிக்கொரு டம்ளர்.
எலுமிச்சை பிழிந்தது ரெண்டு.
குமட்டும். குடிப்பேன்.

சித்திரையில், பதினெட்டாம் நாள்
கீறித் தட்டினாள்.
ஒன்றும் விழவில்லை.
விரலை ஓட்டிப் பார்த்தேன்,
லேசாகச் சொரசொரப்பு.
"மேல்மண்ணுதானுங்க,
பாறை இன்னும் வரலை" என்றேன்.

"கையைக் கழுவுங்க."