கழுத்து தொடங்குமிடம்

கோயில் குதிரை வாகனத்தைப் பார்த்துத்தான்
நான் குதிரையைப் படித்திருந்தேன்.
வேட்டைத் திருவிழா இரவில்
பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில்
வில்லாய் வளைந்த கழுத்து,
மார்பைத் தொடும் தாடை,
திறந்த வாய்.
வாய் ஏன் திறந்திருக்கிறது என்று
அப்போது நான் கேட்கவில்லை.

கறுவா நுவரெலியாவில் ஆறு வருடம் ஓடியவள்.
முன்கால் ஒன்று வீங்கி, விலை விழுந்து,
மரக்கறி லொறியில் லீக்ஸ் வாசத்தோடு
அக்கராயனில் வந்து இறங்கினாள்.
இறங்கியதும் தலையை உயர்த்திக்
குளத்தை மோப்பம் பிடித்தாள்.
வீக்கம் வற்ற எட்டு மாதம் மேய்ந்தாள்.
அந்த எட்டு மாதமும் நான் நினைத்தது ஒன்றுதான்:
இந்தத் தலை மிகவும் உயரம்,
இதை இறக்கவேண்டும்.

அது முதற்பிழை.
அடுத்தது, இழுத்தது.
பந்தயக்காரிக்கு இழு என்றால் ஓடு.
நான் நில்லென்று இழுக்க
அவள் கடிவாள இரும்பில் சாய்ந்து
குளக்கட்டு முடிய, வான்கதவு தாண்டி,
றோட்டில் காயப்போட்ட நெல்லுக்கு நடுவால் போனாள்.
நெல்லுக்காரி சிவமலர்
இன்றும் என்னோடு கதைப்பதில்லை.

மூன்றாவதைச் சொல்ல வெட்கம்.
பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாய் வெட்டி
வாயிலிருந்து வயிற்றுவாருக்குக் கட்டினேன்.
தலை இறங்கியது.
வளைவும் வந்தது.
அச்சாய் மரக்குதிரை.
முதுகுதான் தொய்ந்த சாக்குக்கட்டில்போலத் தாழ்ந்தது.
பின்கால்கள் எங்கோ பின்னால்
வேறு யாருடையவோபோல இழுபட்டன.
காதுகளுக்கு நடுவே இருக்கவேண்டிய உச்சி
காதுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி,
மடியக்கூடாத கணுவில்
மடிந்திருந்தது.
வாய் திறந்திருந்தது.

"குனிஞ்சிட்டுதெல்லே, இனிப் பழகிடும்" என்றான்
ரியூப் தந்த தவரூபன்.
வரிசைகளில் நானும் குனிந்து நின்றிருக்கிறேன்,
முன்னே நிற்பவரின் செருப்பைப் பார்த்தபடி.
அதற்குப் பழக்கம் என்று பெயரில்லை.
அன்றே ரியூப்பை அறுத்தேன்.

அறுத்தும் கழுத்து நேராகவில்லை.
எந்நேரமும் வலப்பக்கம் ஒரு கோணல்.
பல்லைப் பார்த்தேன். தோளை அமுக்கினேன்.
சேணத்தைக் கவிழ்த்துத் தட்டினேன்.
குதிரையில் பிழை தேடித்தேடி
ஒரு மாரி போனது.

பெறாமகள் ஆரபி
பின்னாலிருந்து போனில் படம் எடுத்தாள்.
அவளுக்கு வேண்டியிருந்தது கறுவாவின் வால்.
படத்தில் வால் வடிவாய் ஆடியது.
வாலுக்கு மேலே நான்,
இடப்பக்கம் சரிந்து.

என் வலது முழங்காலுக்குக் கீழே றப்பர்.
அந்தப் பாதம் அங்கவடிக்குள் கிடக்கும், மிதிக்காது.
மிதிப்பதெல்லாம் இடது.
இடுப்பின் ஒருபக்கம் குடம் வைத்தவள்
மறுபக்கம் வளைந்து நடப்பாளே,
அப்படித்தான் கறுவா
என்னைக் கழுத்தால் சுமந்திருக்கிறாள்.

அடுத்த நாள்
இரண்டு அங்கவடிகளையும் உருவிப் போட்டேன்.
காலையும் கழற்றி
மருதமர வேரில் சாய்த்துவைத்தேன்.
கட்டின் கல்லிலிருந்து புரண்டு ஏறினேன்.
உட்காரும் எலும்புகள் இரண்டு.
இரண்டும் என்னிடம் இருக்கின்றன,
சரிசமமாய்.

வாரைத் தளர்த்தினேன், விட்டுவிடவில்லை.
ஈரச் சேலைத் தலைப்பின் பாரம்தான் கையில்.
கொஞ்சத் தூரம் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு கிரவலில் சத்தம் மாறியது:
முன்குளம்பு பதித்த குழியில்
பின்குளம்பு வந்து விழுந்தது.
எனக்குக் கீழே முதுகு
மூச்சு இழுத்ததுபோல் எழும்பியது.
அதற்குப் பிறகுதான்,
எல்லாவற்றுக்கும் கடைசியாய்,
கழுத்து நீண்டது,
முன்னால், கொஞ்சம் கீழே,
தண்ணீர் தேடிப் போவதுபோல.
மூக்கு நெற்றிக்குச் சற்று முன்னே.
நான் செய்யவில்லை அதை.
மறிக்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

புர்ரென்று ஊதினாள்.
வாய் மூடியிருந்தது.

திரும்பி வந்தபோது
மருதடியில் ஒரு ஆட்டுக்குட்டி
என் காலின் வாரைச் சப்பிக்கொண்டு நின்றது.
கறுவா தலையை உயர்த்தி,
வானத்தைத் தொடுமளவு உயர்த்தி,
அதைப் பார்த்தாள்.
பார்க்கட்டும் என்று விட்டேன்.